லாரிப் பட்டறைக்கா என் மகன்?

"நான்கு வருடம் மெக்கானிக்கல் படிக்க வைத்தது பட்டறைக்கு அனுப்பவா?" என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. நாமக்கல் பக்கத்துக்காரர் நீங்கள். பட்டறை எப்படி இருக்கும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கோபம் நியாயமானதே. ஆனால் உங்கள் மகனைக் கூப்பிட்டிருப்பது செங்கல் லாரிக்குப் பாடி கட்ட அல்ல. நச்சுக் கழிவு அகற்றும் இடங்களுக்கான டிரெய்லர்களை வடிவமைக்க.

போபாலில் 1984 விஷவாயு விபத்துக்குப் பின் ஆலை வளாகத்தில் கிடந்த கழிவில் சுமார் 337 டன், 2025 ஜனவரியில்தான் மத்தியப் பிரதேசத்திலேயே உள்ள பீதம்பூர் என்ற தொழில் நகருக்கு, எரித்து அழிப்பதற்காகப் புறப்பட்டது. பன்னிரண்டு கன்டெய்னர் வண்டிகள், ஏறக்குறைய 250 கிலோமீட்டர். வழியில் ஒரு துளிகூடச் சிந்தக் கூடாது. அந்த மாதிரி வண்டிகளை யாரோ உட்கார்ந்து யோசித்து வரைய வேண்டும் அல்லவா?

சாதாரண டிரெய்லர் எடை தாங்கினால் போதும். இதிலோ, வேலை முடிந்தபின் முழுதாகக் கழுவ முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. தகடுகள் சேரும் மூலையில் சிறு இடுக்கு இருந்தாலும் நச்சுத் தூசி அங்கே குடியேறிவிடும். அதனால் வெல்டிங் இடைவெளி விட்டு வராமல் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். மூலைகள் வளைந்திருக்க வேண்டும். கழுவிய நீரும் கழிவுதான், அதைப் பிடிக்க அடியில் தனித் தொட்டி வேண்டும். சகதி ஏற்றும் வண்டியில் பிரேக் போட்டால் சரக்கு முன்னே பாயும். உள்ளே தடுப்புத் தகடு வைத்தால் பாய்ச்சல் அடங்கும். ஆனால் அதே தகடு கழுவுவதற்கு இடைஞ்சல். தகட்டைத் தடிமனாக்கினால் வண்டியின் சொந்த எடை கூடி, சட்டம் அனுமதிக்கும் எடையில் சரக்குக்கு இடம் குறைந்துவிடும். படித்த கணக்கெல்லாம் இங்கேதான் வேலைக்கு வரும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். இத்தகைய ஆர்டர்கள் தண்ணீர் லாரி போல வரிசையில் வருவதில்லை. எனவே இதை மட்டும் நம்பாமல், எந்த டிரெய்லரையும் வரையும் திறமையை அவர் வளர்த்துக்கொள்ளட்டும். டிரெய்லர்களுக்கான இந்தியத் தர விதிகளான ஏஐஎஸ்-113-ஐக் கரைத்துக் குடிக்கட்டும். திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது; அதை விசாரிக்கச் சொல்லுங்கள். வெல்டரோடு நின்று பழகாத வடிவமைப்பாளரை நான் பெரிதாக மதிப்பதில்லை.

மகன் விஷத்தைத் தொடுவானோ என்பதுதானே உங்கள் உள்பயம்? புதிய வண்டியில் விஷம் ஏது! பயன்படுத்திய வண்டி ரிப்பேருக்கு வரும்போதுதான் ஆபத்து. உள்ளே மிச்சமிருக்கும் ஆவியில் ஒரு பொறி பட்டால் தொட்டியே வெடிக்கும். கழுவி, ஆவி இல்லை என்று சோதித்ததற்கு எழுத்துச் சான்று வாங்காமல் அங்கே வெல்டிங் வைக்கிறார்களா என்று சேரும் முன் கேட்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று முதலாளி சிரித்தால், மகனை அன்றைக்கே வீட்டுக்கு வரச் சொல்லிவிடுங்கள்.