கேஷ்லெஸ் கோப்பில் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது?

கேள்வி: மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் கிளெய்ம் பிரிவிலிருந்து கம்ப்ளையன்ஸ் (விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும்) பிரிவுக்கு மாறுகிறேன். முதலில் எதைச் சரிபார்க்கப் பழக வேண்டும்?
- வாசகி, கோவை

பதில்: கேஷ்லெஸ் கோப்புகளின் நேரத்தை; அதாவது, நோயாளி பணம் கட்டாமல் நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கொடுக்கும் கிளெய்ம்களில் எவ்வளவு நேரத்தில் முடிவு சொன்னார்கள் என்பதை. காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 மே மாதம் வெளியிட்ட மாஸ்டர் சர்க்குலரின்படி, சிகிச்சைக்கான அனுமதிக் கோரிக்கைக்கு 1 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மருத்துவமனையிடமிருந்து டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும். அதைத் தாண்டியதால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால், பங்குதாரர் நிதியிலிருந்து நிறுவனமே ஏற்க வேண்டும்.

மாத அறிக்கையை மட்டும் நம்பிவிடாதீர்கள். டிபிஏ (நிறுவனத்துக்காக கிளெய்ம்களைக் கையாளும் வெளி நிறுவனம்) ஊழியர் கோப்பைத் திறந்த நேரம் தொடக்கமாகப் பதிவாகியிருக்கலாம். கெடு முடியும் தறுவாயில் கூடுதல் ஆவணமோ விளக்கமோ கேட்டு ஒரு க்வெரி அனுப்பிக் கடிகாரத்தை நிறுத்தியிருக்கலாம். மருத்துவமனை அனுப்பிய மின்னஞ்சலின் நேரத்தை சிஸ்டம் பதிவோடு ஒப்பிடுங்கள். க்வெரியில் கேட்ட ஆவணம் முதலிலேயே வந்திருந்ததா என்றும் பாருங்கள். பையைக் கட்டி வைத்துக்கொண்டு வார்டில் காத்திருக்கும் குடும்பத்துக்கு அரை நாள் அப்படித்தான் போகிறது.

அடுத்தது நிராகரிப்புக் கடிதங்கள். எந்த நிபந்தனைப்படி மறுக்கிறோம் என்பது குறிப்பாக இருக்க வேண்டும். கிளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் தேதி, கடிதத் தேதிக்கு முந்தையதாக இருக்க வேண்டும்.

'நோயை மறைத்தார்' என்பது காரணமானால் பாலிசி வரலாற்றை எடுங்கள். தொடர்ச்சியாக 60 மாதங்கள் முடிந்திருந்தால், மோசடி நிரூபணமானால் தவிர, அந்தக் காரணம் செல்லாது. வேறு நிறுவனத்திலிருந்து பாலிசியை மாற்றிக்கொண்டு (போர்ட் செய்து) வந்தவருக்கு முந்தைய நிறுவனத்தில் இருந்த காலமும் சேரும். இதைக் கணக்கில் விட்டுவிடுவதுதான் பெரிய பிழை. இடையில் காப்பீட்டுத் தொகையை உயர்த்தியிருந்தால், உயர்த்திய பகுதிக்கு மட்டும் 60 மாதங்களைத் தனியாக எண்ணுங்கள்.