கான்கிரீட் சிங்க், வாஷ்பேசின், சமையல் மேடை: சேலம் பட்டறையிலிருந்து பதில்கள்

சேலத்தில் பட்டறை வைத்துக் கான்கிரீட்டில் அலங்கார வாஷ்பேசினும் சமையல் மேடையும் வார்த்துக் கொடுக்கிறேன். வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டேன்.

அஸ்தம்பட்டி வாசகி: அண்ணா, கிரானைட்டுக்குப் பதில் கான்கிரீட் மேடை போட ஆசை. புளி, எலுமிச்சை பட்டால் கெட்டுவிடும் என்கிறார்களே?

உண்மைதான் அம்மா. சிமெண்ட் காரத்தன்மை கொண்டது. புளியிலும் எலுமிச்சையிலும் இருக்கும் அமிலம் அதன் மேற்பரப்பை அரித்துவிடும். துடைத்தாலும் மங்கிய தடம் நிற்கும். சீலர் என்னும் பாதுகாப்புப் பூச்சில், உள்ளே ஊறிப்போகும் சிலேன் வகை தண்ணீரைத் தடுக்கும், அமிலத்தைத் தடுக்காது. மேலே படலமாக நிற்கும் பாலியூரித்தேன் பூச்சு வேண்டும். கான்கிரீட் சூடு தாங்கும், அந்தப் பூச்சு தாங்காது. குக்கரை இறக்கினால் மரப்பலகை மேல் வையுங்கள். தினமும் ரசம், புளிக்குழம்பு என்று சமைக்கும் வீட்டுக்கு நான் சொல்வது இதுதான்: அடுப்படி மேடை கிரானைட்டாகவே இருக்கட்டும், கை கழுவும் இடத்தில் கான்கிரீட் போடுங்கள்.

கருப்பூர் வாசகர்: எங்கள் பக்கம் வெள்ளைக்கல் தாராளம். வெள்ளை நிறத்துக்கு அந்தத் தூளைக் கலக்கலாமா?

சேலத்துக்காரர் கேட்க வேண்டிய கேள்வி! வெள்ளைக்கல் என்பது மாக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். சுடாத தூள் வெறும் நிரப்பிதான். சுட்ட தூளில்தான் ஆபத்து. வெள்ளைக்கல்லைச் சுட்டால் கிடைப்பது மக்னீசியா, அதாவது மக்னீசியம் ஆக்சைடு. உலைச் செங்கலுக்காக மிகுந்த சூட்டில் சுட்ட மக்னீசியா கலவையில் சேர்ந்தால், கான்கிரீட் இறுகிய பிறகும் மெல்ல மெல்லத் தண்ணீரை உறிஞ்சி உப்பும். நன்றாக இருந்த பேசின் பல மாதம் கழித்து வெடிக்கும். சாதாரண சிமெண்டில் மக்னீசியா 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தர விதி வைத்திருப்பது அதனால்தான்.

குறைந்த சூட்டில் சுட்ட தூளை மக்னீசியம் குளோரைடு கரைசலில் குழைத்தால் அது தனிச் சிமெண்ட். 1867இல் பிரான்சின் சோரெல் கண்டறிந்தது. பளபளப்பாக வரும், நிறம் அழகாக ஏறும். ஆனால் தொடர்ந்து நனைந்தால் வலுவிழக்கும், உள்ளே இருக்கும் கம்பியையும் துருவேற்றும். சுவர் அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், குளியலறைக்கு வேண்டாம். வெள்ளை பேசினுக்கு வெள்ளை சிமெண்டும் வெள்ளை மார்பிள் தூளும் போதும்.

அம்மாபேட்டை, இளம் கொத்தனார்: ஐயா, சிங்க் வெட்டிய மூலையிலிருந்து வெடிப்பு ஓடுகிறது. சிமெண்ட் குறைந்துவிட்டதா?

இல்லை தம்பி, தண்ணீர் கூடிவிட்டது. 50 கிலோ மூட்டைக்கு 18 லிட்டருக்குள் நிறுத்துங்கள். ஈர மணலில் இருக்கும் தண்ணீரும் இந்தக் கணக்கில் சேரும். கலவை ஓடவில்லை என்றால், தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் ஊற்றுங்கள், குழாயைத் திறக்காதீர்கள். உள்மூலையைக் கூராக விடாமல் வளைத்து எடுங்கள்; இழுவிசை முழுவதும் அங்கேதான் கூடுகிறது. கண்ணாடி இழை போடுவதானால் சிர்கோனியா சேர்ந்த, காரம் தாங்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண இழையைச் சிமெண்டின் காரமே தின்றுவிடும். வார்த்த பிறகு குறைந்தது 7 நாள் பாலித்தீன் தாளால் போர்த்தி வையுங்கள். நிறம் கலந்த பேசின் மேல் ஈரச்சாக்கு போட்டால் திட்டுத்திட்டாகக் கறை விழும்.

ஏற்காடு, விடுதி நடத்துபவர்: சேலத்தில் மறுநாளே அச்சைக் கழற்றுகிறார்கள். இங்கே அதே கலவை ஓரத்தில் உதிர்கிறதே?

குளிர்தான் காரணம். கீழே வெயிலில் ஒரே நாளில் இறுகுவது, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழி மாதத்தில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். பொறுத்துக் கழற்றுங்கள். இரவில் அறைக்குள் மூடி வையுங்கள்.

சூரமங்கலம் வாசகி: போர் தண்ணீர் உப்பு பேசினில் வெள்ளையாகப் படிகிறது. ஆசிட் ஊற்றித் தேய்க்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். குளியலறை ஆசிட் உப்போடு சேர்த்துப் பேசினையும் கரைத்துவிடும். வினிகரும் கூடாது. மென்மையான சோப்புத் தண்ணீரால் கழுவி, ஈரத்தை உடனே துணியால் ஒற்றி எடுங்கள். புதிதாகச் செய்பவர்கள் அடிப்பகுதிக்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் கொடுத்தால் தண்ணீர் தேங்காது, உப்பும் குறையும்.

அயோத்தியாப்பட்டணம் வாசகர்: மாடி வீட்டில் 6 அடி மேடை போட்டால் எடை தாங்குமா?

40 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர அடி சுமார் 9 கிலோ வரும். 2 அடி அகலம் என்றால் மொத்தம் 108 கிலோ. தளத்துக்கு அது பெரிய பாரமில்லை. பிளைவுட் அலமாரி மேல் மட்டும் அப்படியே வைக்காதீர்கள், இரும்புச் சட்டம் கொடுங்கள். மாடிக்கு ஏற்ற நான்கு ஆள் வேண்டும், பலகையைப் படுக்க வைக்காமல் செங்குத்தாகப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள்.