பழங்கால விமானங்கள் பறப்பதை நேரில் பார்க்க இங்கிலாந்தில் எந்த விமானக் காட்சிக்குப் போகலாம்? உங்கள் அனுபவம் என்ன?

யோசிக்காமல் சொல்வேன், ஓல்ட் வார்டன். பெட்ஃபோர்டுஷயரில் பிகிள்ஸ்வேடு பக்கத்துக் கிராமம். ஆனால் நானே அங்கே சுற்றிவளைத்துத்தான் போய்ச் சேர்ந்தேன்.

வந்த புதிதில், சத்தம் பெரிதாக இருந்தால் காட்சியும் பெரிது என்று நினைத்தேன். ஜூலையில் ஃபேர்ஃபோர்டு தளத்தில் நடப்பது அந்த வகை. போர் ஜெட் ஒன்று ஆஃப்டர்பர்னர் போட்டு, அதாவது வாலில் தீ கக்கிக்கொண்டு, நட்டுக்குத்தலாக ஏறும்போது நெஞ்சுக்கூடு அதிரும். ஒருமுறை பார்க்க வேண்டியதுதான். ஐந்தாவது ஜெட்டுக்கு எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

அடுத்து டக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பக்கம். இரண்டாம் உலகப்போரில் பெயர் வாங்கிய ஸ்பிட்ஃபயர் போர் விமானம், 1938 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவு ஒன்றுக்கு முதன்முதலாக வந்து இறங்கிய தளம் இதுதான். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் 12 சிலிண்டர், 27 லிட்டர். நம் ஊர் 350 சிசி புல்லட்டின் சத்தத்தை ஒருகணம் நினைத்துவிட்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். தலைக்கு மேல் போகும்போது பேச்சு தானாக நின்றுவிடும்.

அங்கே பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர்தான், "பழசு பார்க்கணும்னா ஓல்ட் வார்டனுக்குப் போங்க, சாயங்காலக் காட்சிக்குப் போங்க" என்றார்.

ஓல்ட் வார்டனில் இருக்கும் விமானங்களைச் சேர்க்கத் தொடங்கியவர் ரிச்சர்ட் ஷட்டில்வொர்த். வசதியான வீட்டுப் பிள்ளை. 1935ல் டோனிங்டன் கிராண்ட் பிரீ கார்ப் பந்தயத்தில் ஜெயித்தவர். 1940ல் விமானப்படைப் பயிற்சியின்போது விபத்தில் இறந்துபோனார். மகன் நினைவாக அவருடைய அம்மா ஏற்படுத்திய அறக்கட்டளைதான் இன்றைக்கும் அவற்றைப் பறக்க வைக்கிறது. ஓடுபாதை வெறும் புல்தரை. வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில் விமானம் நிற்கும்.

சாயங்காலம் என்று பெரியவர் ஏன் சொன்னார் என்பது இரண்டு முறை ஏமாந்த பிறகுதான் உறைத்தது. அங்குள்ள பிளேரியோ என்ற விமானம் 1909ல் செய்தது. லூயி பிளேரியோ அதே ஆண்டு ஜூலை 25ஆம் தேதி ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியது இதே ரகத்தில்தான். மூன்றே சிலிண்டர். இறக்கையில் தனியாக அசையும் பலகை கிடையாது. விமானத்தைச் சாய்க்க வேண்டுமென்றால் கம்பியை இழுத்து இறக்கையையே முறுக்க வேண்டும். கொஞ்சம் காற்றடித்தாலும் வெளியே எடுக்க மாட்டார்கள். காற்று அடங்குவது பொழுது சாயும் நேரத்தில். முதல் இரண்டு முறையும் அடங்கவில்லை.

மூன்றாவது முறை என் மனைவியும் வந்திருந்தாள், வேண்டாவெறுப்பாக. முதல் உலகப்போர்க் கால சாப்வித் பப் விமானம் கிளம்பியது. சட்டென்று, "என்னங்க, யாரோ வெளக்கெண்ணெ காச்சற மாதிரி இல்ல?" என்றாள்.

அது நிஜமாகவே விளக்கெண்ணெய்தான்! அந்தக் கால ரோட்டரி எஞ்சினில் நடுத்தண்டு அசையாது. சிலிண்டர்கள் மொத்தமும் விசிறியோடு சேர்ந்து சுற்றும். பெட்ரோலும் காற்றும் எஞ்சினின் வயிற்றுக்குள்ளேயே புகுந்து போவதால், சாதாரண எண்ணெய் பெட்ரோலில் கரைந்து நீர்த்துவிடும். ஆமணக்கெண்ணெய் அவ்வளவு எளிதில் கரையாது. உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது. பாதி எரிந்தும் எரியாமலும் வெளியே தெறிக்கும், விமானியின் முகத்திலும்தான். அதை மூச்சில் இழுத்தும் விழுங்கியும் அவர்களுக்கு வயிறு போகுமாம். அம்மிச்சியிடம் மாட்டி மாதம் ஒருமுறை பேதிக்குக் குடித்தவன் என்ற முறையில் அவர்கள் மீது எனக்கு முழு அனுதாபம்.

இறங்கும்போது இன்னும் வேடிக்கை. வேகத்தைக் குறைக்க விமானி ஒரு பொத்தானை அழுத்தி அழுத்தி எஞ்சினை நிறுத்தி நிறுத்தி ஓடவிடுவார். டுர்ர்ர்... நிசப்தம்... டுர்ர்ர். விழுந்துவிடும் என்று என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாக பிளேரியோ வந்தது. தடதடவென்று புல்லில் ஓடி, ஒன்றிரண்டு ஆள் உயரம் எழும்பி, நேராகப் போய் மறுபடி உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட இருக்காது. அத்தனை கூட்டமும் எழுந்து கைதட்டியது. நான் போனில் படம் பிடிக்க மறந்துவிட்டேன். பிடித்திருந்தாலும் வாசனை வந்திருக்காது.

போகிறவர்களுக்கு: மடக்கு நாற்காலியும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள், ஜூனிலும் இருட்டினால் குளிரும். ஓடுபாதைப் பக்கம் காற்றுத் திசை காட்டும் துணிப்பை இருக்கும். அது துவண்டு தொங்க ஆரம்பித்தால், பக்கத்தில் எத்தனை பேர் கிளம்பினாலும் நீங்கள் எழுந்துவிடாதீர்கள்.