அரிதட்டுக்குப் போகும் முன் கரையில் செய்ய வேண்டியது

கேள்வி: திருகோணமலையில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் கற்பிக்கிறேன். மாணவர்கள் உப்புவெளி, நிலாவெளி, மூதூர் ஆகிய மூன்று இடங்களில் மணல் எடுத்து, துணிக்கைப் பருமனை அளந்து, எந்தக் கரை அரிக்கப்படுகிறது என்று காட்ட விரும்புகிறார்கள். வீதி வேலைக்கு மண் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்று அரிதட்டுகளை இரவல் தருகிறது. எங்கே, எவ்வளவு எடுப்பது? மூதூர்ப் பக்கத்துச் சேற்றையும் இதே தட்டுகளில் அரிக்கலாமா?

பதில்: கரை அரிக்கப்படுகிறதா என்பதைத் துணிக்கைப் பருமன் மட்டும் சொல்லாது. அந்த மணலைக் கடைசியாகக் கொண்டுவந்து போட்ட நீருக்கு எவ்வளவு வலு இருந்தது, மணல் எந்த மூலத்திலிருந்து வந்தது என்பதைப் பற்றி அது பேசும். எவ்வளவு மணல் போய்விட்டது என்பது வேறு கேள்வி. அதற்குக் கரையின் மட்டத்தை அளக்க வேண்டும். ஆகவே ஆய்வைக் கைவிட வேண்டாம், கேள்வியை மாற்றுங்கள். வாடைக்கு, அதாவது வடகீழ்ப் பருவக்காற்றுக்கு, முன்னும் பின்னும் ஒரே கரையில் மணலின் பருமனும் கரையின் சாய்வும் எப்படி மாறுகின்றன என்று கேளுங்கள். மாணவர் கையால் விடை காணக்கூடிய கேள்வி அது. ஓகஸ்டில் ஒரு முறையும், பெப்ரவரி கடைசியில் கடல் அடங்கத் தொடங்கியதும் ஒரு முறையும் போனால் போதும்.

சாய்வை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒன்றரை மீற்றர் உயரமுள்ள இரண்டு சமமான கம்புகளில் சென்ரிமீற்றர் குறியிட்டு, இரண்டையும் இரண்டு மீற்றர் கயிற்றால் இணையுங்கள். ஒருவர் கடல் பக்கமும் மற்றவர் கரைப் பக்கமும் கம்பை நேராக நிறுத்த வேண்டும். கரைப்பக்கத்தில் இருப்பவர் கடல்பக்கக் கம்பின் உச்சியையும் அடிவானத்தையும் ஒரே கோட்டில் பார்க்கிறார். அந்தக் கோடு தன் கம்பை உச்சியிலிருந்து எவ்வளவு கீழே வெட்டுகிறதோ, அதுவே அந்த இரண்டு மீற்றரில் தரை இறங்கிய அளவு. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கிழக்கே அடிவானம் திறந்திருப்பதால் இது நன்றாக வரும். மூதூரில் எதிர்க்கரை பார்வையை மறைக்கும் இடங்களில், மேசன்மார் பயன்படுத்தும் தண்ணீர் மட்டக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அசையாத ஓர் இடத்திலிருந்து, ஒரு மதில் மூலையிலிருந்தோ கிணற்றுக் கட்டிலிருந்தோ, தொடங்குவது அவசியம்.

இடத் தெரிவில் ஒரு திருத்தம். நீங்கள் சொல்லும் மூன்று இடங்களை ஒரே வரிசையில் வைத்து ஒப்பிடக்கூடாது. உப்புவெளியும் நிலாவெளியும் நகருக்கு வடக்கே திறந்த கடலைப் பார்க்கின்றன. மூதூர் கொட்டியாரக்குடாவுக்குள் இருக்கிறது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி தன் சுமையை இறக்கும் இடம் அது. குடாவுக்குள்ளேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. ஆற்று மணலில் ஒரு பகுதி அதற்குள் இறங்கினால் கரைக்குத் திரும்பாது. நடுவில் பாறை முனைகளும் உண்டு. ஆகவே மூதூர் மணலைவிட நிலாவெளி மணல் பருமனாகவோ நுண்ணியதாகவோ இருப்பதை வைத்து, மணல் இங்கிருந்து அங்கே நகர்ந்தது என்று எழுதினால் அது தவறான முடிவு. மணலின் நகர்வைப் பார்க்க ஆசையிருந்தால் உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று வடக்கு நோக்கிப் போங்கள். களப்பு வாய்களுக்கு அருகே எடுப்பதைத் தவிருங்கள், அங்கே களப்பின் நீரோட்டம் கணக்கைக் குழப்பிவிடும். புறாமலைத் தீவில் ஒரு பிடி மணலும் எடுக்கக்கூடாது. அது 2003 முதல் தேசிய பூங்கா.

இந்த வேலையின் பெரும்பகுதி ஆய்வுகூடத்தில் நடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் முடிவின் தரம் கரையில் குனிந்து மணலை எடுக்கும் அந்தக் கணத்திலேயே தீர்ந்துவிடுகிறது. கரையில் கைக்கெட்டும் ஆழத்துக்கு ஒரு சிறு குழி வெட்டி அதன் பக்கச் சுவரைப் பாருங்கள். மெல்லிய படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், சில வெளிறியவை, சில கருமையானவை, சிலவற்றில் சிப்பித் துண்டுகள். ஒவ்வொரு படலமும் ஒரு தனி நிகழ்வு. மண்வெட்டியால் பத்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு அள்ளினால் அமைதியான நாளின் மணலும் கொந்தளித்த நாளின் மணலும் ஒரே பைக்குள் கலந்துவிடும். அதிலிருந்து வரும் சராசரி எந்த நாளிலும் இருந்திராத ஒரு கடலின் சராசரி. ஆகவே மேல் ஒரு சென்ரிமீற்றரை மட்டும், தட்டையான கரண்டியால் வழித்தெடுங்கள்.

எங்கே வழிப்பது? அலை ஏறி இறங்கும் சரிவின் நடுப்பகுதியில். திருகோணமலையில் வற்றுப்பெருக்கின் வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் அந்தச் சரிவைக் கண்ணால் அடையாளம் காண்பது எளிது. எல்லா இடத்திலும் அதே நிலையில் எடுக்க வேண்டும். ஓரிடத்தில் அலைச்சரிவிலும் இன்னோரிடத்தில் மேலே உலர்ந்த மேட்டிலும் எடுத்தால், இரண்டு கரைகளை ஒப்பிடுவதற்குப் பதிலாக அலையையும் காற்றையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். மாதிரிக்கு 200 கிராம் போதும். ஓர் இடத்திலாவது சில அடி தள்ளித் தள்ளி மூன்று மாதிரிகள் எடுங்கள். ஒரே இடத்துக்குள் எவ்வளவு வேறுபாடு வருகிறது என்று தெரிந்தால்தான், இரண்டு இடங்களுக்கிடையே தெரியும் வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதா என்று சொல்ல முடியும். பள்ளி ஆய்வுகளில் மிக அதிகம் விடுபடுவது இதுதான். எனக்கு மிகுந்த வருத்தம் தருவதும் இதுதான், ஏனென்றால் இதற்குச் செலவே இல்லை.

இனி கறுப்பு மணல். குச்சவெளிக்கும் வடக்கே புல்மோட்டையில் இல்மனைற்று, ரூட்டைல், சேர்க்கோன் ஆகிய கனிமங்கள் பெருமளவில் எடுக்கப்படுவதை மாணவர்கள் அறிவார்கள். அந்தக் கனமான துணிக்கைகள் அதற்குத் தெற்கேயும் ஆங்காங்கே மெல்லிய கறுப்புக் கோடுகளாக ஒதுங்குவதுண்டு. வெளிறிய மணலின் முக்கிய கனிமமான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, இல்மனைற்றின் அடர்த்தி ஏறத்தாழ 4.7. ஆகவே ஒரு சிறிய இல்மனைற்றுத் துணிக்கை, தன்னைவிடப் பெரிய குவார்ட்ஸ் துணிக்கையோடு ஒரே வேகத்தில் நீரில் அமிழும். வலுவான அலை வெளிறிய மணலைக் கழுவிக்கொண்டு போன பிறகு, தூக்க முடியாமல் விட்டுச்சென்றதே அந்தக் கறுப்புப் படலம். அரிதட்டுக்கு எடை தெரியாது, பருமன்தான் தெரியும். உங்கள் கரண்டி ஒரு கறுப்புக் கோட்டை அள்ளிவிட்டால் விடை 'நுண்மணல்' என்று வரும். மாணவர் அதைப் பார்த்து 'அமைதியான நீர்' என்று எழுதுவார். உண்மையில் நடந்தது அதற்கு நேர்மாறு. நிறத்தைக் களத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள், கறுப்புப் படலத்தைத் தனி மாதிரியாக எடுங்கள். உலர்ந்த மணலில் வலுவான நியோடிமியம் காந்தத்தை ஒரு தாளுக்குள் சுற்றி ஓட்டினால் இல்மனைற்றின் பெரும்பகுதி ஒட்டிவரும், சேர்க்கோனும் ரூட்டைலும் வராது. ஒட்டியதன் நிறையை எடுத்து அறிக்கையில் தனியாகத் தாருங்கள்.

இரவல் அரிதட்டுகளைப் பற்றி. வீதி ஆய்வுகூடங்களில் வழக்கமாக இருப்பவை 4.75, 2.36, 1.18, 0.6, 0.3, 0.15, 0.075 மில்லிமீற்றர்க் கண்களுள்ள தட்டுகள். கொங்கிறீற்று மணலுக்கு அவை போதும். ஆனால் கடற்கரை மணலில் பெரும்பாலும் கிட்டத்தட்ட எல்லாமே 0.3, 0.15 என்ற இரண்டு தட்டுகளில் தங்கிவிடும். இரண்டு புள்ளிகளை வைத்து ஒரு வளைகோடு வரைந்தால் அதன் வடிவம் உங்கள் கற்பனையே. 1.0, 0.71, 0.5, 0.355, 0.25, 0.18, 0.125, 0.09, 0.063 என்ற வரிசை வேண்டும். பல்கலைக்கழகப் புவியியல், மண்ணியல் துறைகளில் கேட்டுப் பாருங்கள். முழு வரிசையும் கிடைக்காவிட்டால் 0.5, 0.25, 0.18, 0.125 நான்கையாவது இரவல் தட்டுகளோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுகூட வேலை சுருக்கமானது. மணலை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி உப்பை நீக்குங்கள், இல்லாவிட்டால் உலரும்போது துணிக்கைகள் ஒட்டிக்கொள்ளும். நன்றாக உலர்த்துங்கள்; நம் ஊர் ஓகஸ்ட் வெயிலே போதும். பிறகு 60 கிராம் அளவுக்குக் குறைக்க வேண்டும். மிக்சர் போத்தலைக் குலுக்கினால் கடலை மேலே வருவதுபோல, மணல் பையிலும் பெரிய துணிக்கைகள் மேலே வந்துவிடும். ஆகவே சாய்த்து ஊற்றாதீர்கள். தாளில் கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பகுதிகளைச் சேர்த்து, தேவையான நிறை வரும்வரை திரும்பச் செய்யுங்கள். பத்து முதல் பதினைந்து நிமிடம் அரித்தபின் எல்லாத் தட்டுகளின் நிறையையும் கூட்டுங்கள். தொடக்க நிறையிலிருந்து ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்தால் எங்கோ சிந்தியிருக்கிறது. மீண்டும் செய்ய வேண்டும். கண்களில் சிக்கிய துணிக்கைகளைத் தட்டைக் கவிழ்த்து மென்தூரிகையால் எடுங்கள், ஊசியால் குத்தாதீர்கள்.

கணக்குக்கு ஃபை அளவையைப் பயன்படுத்துங்கள். ஒரு மில்லிமீற்றர் சுழியம், 0.5 ஒன்று, 0.25 இரண்டு, 0.125 மூன்று, பருமன் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் எண் ஒன்று கூடும். ஃபோக், வோட் இருவரும் 1957இல் தந்த முறையில், திரள் வளைகோட்டின் (பருமனான பக்கத்திலிருந்து நிறைச் சதவீதத்தைக் கூட்டிக்கொண்டே வரையும் கோடு) 16, 50, 84ஆம் சதவீத மதிப்புகளைக் கூட்டி மூன்றால் வகுத்தால் இடைப்பருமன். 84இலிருந்து 16ஐக் கழித்து நான்கால் வகுத்ததையும், 95இலிருந்து 5ஐக் கழித்து 6.6ஆல் வகுத்ததையும் கூட்டினால், துணிக்கைகள் எவ்வளவு சீராகத் தரம் பிரிந்திருக்கின்றன என்பது தெரியும். எண் சிறிதானால் தரப்பிரிவு நன்று.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம் என்று மாணவர்களுக்குக் காட்ட ஒரு கணக்கு தருகிறேன். 5, 16, 50, 84, 95ஆம் சதவீத மதிப்புகள் முறையே 1.10, 1.40, 1.90, 2.35, 2.70 ஃபை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பருமன் 1.88, அதாவது சுமார் 0.27 மில்லிமீற்றர். தரப்பிரிவு 0.48, 0.35 முதல் 0.50 வரை 'நன்கு தரம் பிரிந்தது' என்பதால் அந்தப் பெயர் கிடைக்கிறது. ஓராயம், அதாவது பரம்பல் பருமணல் பக்கமா நுண்மணல் பக்கமா சாய்கிறது என்பதைக் காட்டும் எண், ஏறத்தாழ சுழியம்; பரம்பல் சமச்சீர். இப்போது சில சிப்பித் துண்டுகள் கலந்து 5ஆம் சதவீத மதிப்பு மட்டும் 0.80 ஆகட்டும். இடைப்பருமன் துளியும் மாறாது. தரப்பிரிவு 0.53 ஆகி ஒரு படி கீழே இறங்கும். ஓராயம் −0.10ஐச் சற்றே தாண்டி, 'பருமணல் பக்கம் சாய்ந்தது' என்ற பெயரைப் பெறும். 60 கிராம் மணலில் 5 சதவீதம் என்பது மூன்றே கிராம். மூன்று கிராம் சிப்பி இரண்டு பெயர்களை மாற்றிவிட்டது. பெயர்களைப் பட்டியலிட்டு 'வலுவான அலை' என்று எழுதும் முன், பருமனான தட்டுகளில் தங்கியது கல்லா சிப்பியா என்று கைவில்லையால் பாருங்கள். சிப்பி அதிகமானால் ஒரு பகுதி மாதிரியை ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, காற்றோட்டமான இடத்தில், உங்கள் கையாலேயே செய்து, கரைக்கும் முன்னும் பின்னும் வந்த விடைகள் இரண்டையும் தாருங்கள். சிப்பியும் அந்தக் கரையின் மணல்தான். அதை மறைத்துவிடக் கூடாது.

கடைசியாக மூதூர்ச் சேறு. உலர வைத்து அரிக்கலாமா என்றால், கூடாது. உலர்ந்த சேறு கட்டியாகும். கட்டிகளைத் தட்டில் அரித்தால் நீங்கள் அளப்பது கட்டியின் பருமனை. ஈரமாகவே 0.063 மில்லிமீற்றர்த் தட்டில் நீர் விட்டுக் கழுவுங்கள். மேலே தங்கும் மணலை உலர்த்தி வழமைபோல் அரிக்கலாம். கீழே போன வண்டலையும் களியையும் ஒரு லீற்றர் அளவுச்சாடியில், சோடியம் ஹெக்சாமெற்றாபொஸ்பேற்று சேர்த்த நீரில் கலக்கி, குறித்த நேரத்தில் பத்து சென்ரிமீற்றர் ஆழத்திலிருந்து பிப்பெற்றால் எடுத்து, உலர்த்தி நிறுக்க வேண்டும். அந்த இரசாயனம் இல்லாவிட்டால் மிஞ்சியிருக்கும் உப்பே களித் துணிக்கைகளைத் திரட்டிவிடும். நேர அட்டவணைகள் பெரும்பாலும் 20 பாகை செல்சியசுக்கு எழுதப்பட்டவை. சூடான நீரின் பிசுக்குமை குறைவு, துணிக்கை விரைவாக இறங்கும். 0.002 மில்லிமீற்றர்த் துணிக்கை பத்து சென்ரிமீற்றர் இறங்க 20 பாகையில் ஏறத்தாழ 7 மணி 45 நிமிடம் எடுக்கும்; 30 பாகையில் 6 மணி 10 நிமிடமே போதும். குளிரூட்டி இல்லாத பள்ளி ஆய்வுகூடத்தில் அட்டவணையை அப்படியே பின்பற்றினால் களியின் அளவு குறைவாக வரும். சாடிக்குள் வெப்பமானியை வைத்து, நீரின் வெப்பநிலையைக் குறித்து, அதற்குரிய நேரத்தைக் கணக்கிட்டு எடுங்கள்.