உப்பு, ஸ்படிகம், ராமன்: சில கேள்விகளும் பதில்களும்

கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்று, இப்போது கும்பகோணத்தில் இருக்கிறேன். படிகங்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதற்கு வந்தவை இவை.

வேதாரண்யம்: உப்பளத்தில் உப்பு ஏன் சதுரக் கட்டியாக விளைகிறது?

சோடியமும் குளோரினும் 5.64 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) பக்கமுள்ள கனசதுர அறைகளில் மாறி மாறி உட்கார்ந்திருக்கின்றன. வேகமாக வளரும் முகங்கள் தேய்ந்து மறைந்துவிடும். மெதுவாக வளர்பவைதான் கடைசியில் நிற்கும். உப்பில் அவை கனசதுர முகங்கள்.

மன்னார்குடி மாணவி: கோலத்தில் ஐந்து இதழ்ப் பூ வருகிறதே, படிகத்தில் ஏன் வராது?

ஒரு பூ போடலாம் அம்மா. வாசல் முழுக்க ஐங்கோணங்களாலேயே இடைவெளி விடாமல் அடைத்துப் பாருங்கள், முடியாது. நேர்ப்புள்ளியில் சதுரம் வரும், இடைப்புள்ளியில் அறுகோணம் வரும். 72 டிகிரி திருப்பினாலும் மாறாத புள்ளி வரிசை கிடையாது. 1982இல் இஸ்ரேல் விஞ்ஞானி ஷெக்ட்மன் அலுமினியம்-மாங்கனீசு கலவையில் கண்டது ஒழுங்கு உண்டு, ஆனால் திரும்பத் திரும்ப வராத அமைப்பு. முதலில் கேலி செய்தார்கள், 2011இல் நோபல் கொடுத்தார்கள்.

திருவாரூர்: ஸ்படிக மாலை உடல் சூட்டைத் தணிக்குமா?

ஸ்படிகம் என்பது குவார்ட்ஸ் என்னும் படிகம், கண்ணாடியைவிட நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அதனால் தொட்டதும் சில்லென்றிருக்கும். கொஞ்ச நேரத்தில் அதுவும் உங்கள் சூட்டுக்கு வந்துவிடும். ‘அதிர்வு சக்தி’ என்று சொல்லி விலை ஏற்றினால் வாங்காதீர்கள்.

திருவானைக்காவல்: நம் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், ஜெர்மன் இயற்பியலாளர் மாக்ஸ் பார்னோடு சண்டை போட்டாராமே, யார் சொன்னது சரி?

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். 1935இல் பார்னைப் பெங்களூருக்கு வரவழைத்தவரே ராமன்தான். 1940களில் வைரத்தை வைத்து இருவருக்கும் முட்டிக்கொண்டது. காற்றில் நெல்வயல் அசைவதை நினைத்துக்கொள்ளுங்கள்: நீண்ட அலையும் ஓடும், குட்டை அலையும் ஓடும். படிகத்தில் அணுக்களும் அப்படித்தான், அதிர்வெண்கள் தொடர்ச்சியாக வரும் என்றார் பார்ன். ராமனோ, அடுத்தடுத்த அறைகள் ஒன்று சேர்ந்தாடும், அல்லது எதிரெதிராக ஆடும், வேறு வழி இல்லை என்றார். மூன்று திசைகளுக்கு எட்டு வகை. அறைக்கு இரண்டு அணு உள்ள வைரத்துக்கு எட்டு வகைக்கும் சேர்த்து 48, படிகம் முழுதும் அப்படியே நகரும் மூன்றைக் கழித்தால் மொத்தம் 45 அதிர்வுகள்.

பார்ன் சொன்னதுதான் சரி. பிற்பாடு படிகத்தின் மேல் நியூட்ரான்களைப் பாய்ச்சி அவை சிதறுவதைப் பார்க்கும் சோதனைகளில் அந்தத் தொடர்ச்சியை நேரடியாகவே அளந்துவிட்டார்கள்.

திருவையாறு: நோபல் வாங்கியவரைத் தவறு என்கிறீர்களே, வைரத்தின் நிறமாலையில் கூர்மையான கோடுகள் தெரிந்தது பொய்யா?

பொய் இல்லை ஐயா. கோடுகள் நிஜம், அவர் சொன்ன காரணம்தான் பிசகு. சில அதிர்வெண்களில் அலைகள் ஏராளமாக நெருக்கியடிக்கும், அங்கே கூர்முனைகள் தெரியும். 1953இல் வான் ஹோவ் என்ற இயற்பியலாளர் இதைக் காட்டினார். ராமன் சொன்ன அதிர்வுகளில் பல அந்த நெரிசலான இடங்களில்தான் விழுகின்றன. ராமனின் கண் தப்பவில்லை. அப்புறம், பார்னும் நோபல் வாங்கியவர்தான்.

நாகப்பட்டினம்: ஸ்படிகத்தைப் பௌர்ணமி நிலவில் வைத்தால் சக்தி ஏறுமா?

திருவாரூர்க்காரருக்குச் சொன்னதுதான்.

தஞ்சாவூர்: ஸ்படிக லிங்கத்துக்கு…

ஏறாது.