இரவில் அழுத்த உறை போட்டால் புறங்கை வீங்குகிறதே, இன்னும் இறுக்கலாமா?

மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு வந்த கை வீக்கத்துக்கு இரவில் பஞ்சு வைத்த உறை போடுகிறேன், காலையில் மேல்கை இறங்கியிருக்கிறது, ஆனால் புறங்கையும் விரல்களும் உப்பியிருக்கின்றன, பட்டையை இன்னும் இறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இறுக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படியுங்கள்.

நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபி படித்தவளும் இல்லை. திருச்சியில் வீட்டு முன்னறையில் தையல் கடை வைத்திருக்கிறேன். வலது மார்பகத்தையும் அக்குளில் இருந்த நெறிகளையும் (நிணநீர் முடிச்சுகள்) எடுத்து, ரேடியேஷனும் முடித்தவள். "டெய்லர் எல்லாம் வைத்தியம் சொல்ல வந்துட்டாங்க" என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். துணி எங்கே பிடிக்கும், எங்கே தொளதொளக்கும் என்பது எனக்குத் தெரிந்த தொழில். இந்த உறை விவகாரத்தில் பாதி அதுதான்.

நீங்களும் என்னைப் போல சர்ஜிகல் கடையில்தான் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு அளவெடுத்த பையன் நைட்டியின் கைக்கு மேலேயே டேப்பைச் சுற்றினான். மணிக்கட்டிலிருந்து அக்குள் வரை ஒரு உறை கொடுத்தான். புறங்கையை மூட ஒன்றும் இல்லையா தம்பி என்று கேட்டேன். "நைட்ல விரல் ஃப்ரீயா இருக்கட்டும்மா, வீங்கினா பட்டையை இறுக்கிக்குங்க" என்றான். விலை மட்டும் ஃப்ரீ இல்லை.

அதைப் போட்டுத் தூங்கி எழுந்தால் கத்தரிக்கோல் வளையத்துக்குள் கட்டைவிரல் போகாது. விரல் கணுக்கள் இருந்த இடம் தெரியாது. புறங்கையில் இடது கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தால் பள்ளம் அப்படியே நிற்கும்; காபி ஆறுகிற வரைக்கும் நிற்கும். அன்றைக்கு பிளவுஸ் வெட்ட வேண்டியிருந்தால் பத்து மணிக்கு மேல்தான்.

வாடிக்கையாளர் அளவு எழுதுகிற நோட்டிலேயே என் கையளவையும் எழுத ஆரம்பித்தேன். விரல் அடி, புறங்கை, மணிக்கட்டு, அங்கிருந்து 4 செ.மீ.க்கு ஒரு சுற்று, அக்குள் வரை. இரவு போடும் முன் ஒரு தடவை, காலையில் கழற்றியதும் ஒரு தடவை. மேல்கையில் குறைந்தது கீழே புறங்கையில் ஏறியிருப்பது கணக்கில் அப்படியே தெரிந்தது. அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு லிம்ஃபெடிமா, அதாவது நிணநீர் தேங்கி வரும் இந்த வீக்கம், பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் போனேன். அவர் என் கையைப் பார்க்கும் முன் நோட்டைத்தான் பார்த்தார். "யார் எழுதினது?" என்றார். நான்தான் என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, இருக்கட்டுமே.

அவர் சொன்னது இதுதான். நிணநீர் விரல் நுனியிலிருந்து மேலே ஏறி அக்குள் வழியாகப் போக வேண்டியது. அக்குளில் நெறியை எடுத்துவிட்டதால் அங்கே வழி குறுகிவிட்டது. மணிக்கட்டிலிருந்து மேலே மட்டும் அழுத்தினால், அழுத்தம் இல்லாத புறங்கைப் பக்கம்தான் நீர் தேங்கும். பட்டையை இறுக்க இறுக்க இன்னும் தேங்கும். அழுத்தம் விரல் பக்கம் அதிகமாகவும், மேலே போகப் போகக் குறைவாகவும் இருக்க வேண்டும். கடைக்காரத் தம்பி சொன்னதற்கு நேர்மாறு.

புது உறை விரல் அடியிலிருந்து, கட்டைவிரலுக்குத் தனி வழி வைத்து வந்தது. விரல்களுக்கு மெல்லிய துணிப் பட்டியை நகத்துப் பக்கமிருந்து உள்ளங்கை நோக்கிச் சுற்றக் கற்றுக்கொடுத்தார். நுனி வெளியே தெரிய வேண்டும், நிறம் பார்க்க. அப்புறம் புறங்கைக்கு ஒரு ஃபோம் துண்டு. அழுத்தம் வளைவான இடத்தில்தான் நன்றாக விழும், தட்டையான இடத்தில் விழாது. புறங்கை தட்டை. அதன் மேல் ஃபோம் வைத்து மேடாக்கினால்தான் உறை அங்கே அழுத்தும். அவர் ஃபோமின் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டினார். நான் வாங்கிச் சரிவாக வெட்டிக் கொடுத்தேன். ஓரம் பதியவில்லை. மற்ற நோயாளிகளுக்கும் இப்போது அப்படித்தான் வெட்டுகிறாராம்.

பட்டையை எப்போதும் புறங்கையிலிருந்து ஆரம்பித்து மேலே போட்டுக்கொண்டு போங்கள். போட்ட பிறகு கொஞ்ச நேரம் விரலை மடக்கி விரியுங்கள். தசை அசைந்தால்தான் நீர் நகரும். தூக்கத்தில் முழங்கையை மடக்கினால் உறை கீழே சரிந்து மணிக்கட்டில் மடிப்பு விழும். அந்த மடிப்பே கயிறு போலக் கட்டிவிடும். தலையணையில் கையை நீட்டி வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் சாய்ந்து படுக்காதீர்கள்.

உங்கள் உறை ஏற்கனவே புறங்கையை மூடுகிறது என்றால், ஃபோம் நைந்து சப்பையாகிவிட்டதா, கை இளைத்து உறை தொளதொளத்துவிட்டதா என்று பாருங்கள். இரண்டுக்கும் மறு அளவு எடுக்கத்தான் வேண்டும். இன்னொன்று, காலையில் உறையைக் கழற்றிவிட்டு இட்லி ஊற்றி, சட்னி அரைத்து, அப்புறம் பகலில் போடும் எலாஸ்டிக் ஸ்லீவைப் போடலாம் என்று விட்டால் அதற்குள் கை நிறைந்துவிடும். குளித்த கையோடு பகல் ஸ்லீவும் கையுறையும் போட்டுவிடுங்கள். அந்த எலாஸ்டிக் ஸ்லீவையே இரவுக்கும் போடாதீர்கள். கை சும்மா கிடக்கும்போதும் அது விடாமல் பிடிக்கும்.

விரல் மரத்தால், நீலம் பாய்ந்தால், வலித்தால் நடுராத்திரி ஆனாலும் கழற்றிவிடுங்கள். தோல் சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம். ஊசி குத்தியே எனக்கு ஒருமுறை வந்தது, ஆன்டிபயாடிக் கொடுத்துத்தான் அடங்கியது. திடீரென்று முழுக் கையும் வீங்கினாலும் காட்டிவிடுங்கள். ரத்தக்கட்டோ நோய் திரும்பியதோ இல்லை என்று அவர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

என் நாத்தனார் இதைக் கெட்ட நீர் என்பார். பார்லித் தண்ணி, வாழைத்தண்டு, நீர் பிரியும் மாத்திரை என்று வரிசையாகச் சொல்வார். வாழைத்தண்டுப் பொரியல் எனக்கும் பிடிக்கும், அது வேறு. இது புரதம் கலந்த நீர். சிறுநீர் கூடுதலாகப் போவதால் இறங்காது. அவரிடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், நீங்களும் உங்கள் நாத்தனாரிடம் சொல்லிப் பாருங்கள்.

செலவு பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். அமெரிக்காவில் 2024 ஜனவரியிலிருந்து மெடிகேர் என்ற அரசு இன்சூரன்ஸ் இந்த உறைகளுக்குப் பணம் தருகிறது, இரவு உறை இரண்டு வருடத்துக்கு இரண்டு. எனக்கு இன்சூரன்ஸ்காரர்கள் ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். சரி, அதை விடுங்கள், ரேஷன் கடையைச் சொல்லுங்கள். கையுறையைக் கழற்று, ரேகை விழவில்லை, கையைத் துடைத்துவிட்டு வை, இன்னும் விழவில்லை. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். "வீட்ல வேற யாரையாவது அனுப்புங்கக்கா" என்கிறார் ரேஷன் கடைக்காரர். வீட்டில் வேறு யார்? கட்டிலை விட்டு எழாத என் மாமியாரையா அனுப்புவேன்? இடது கையை வைக்கிறேன் என்று நானே சொன்ன பிறகுதான் பருப்பு வந்தது. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, தெரியும்.

உங்கள் உறை மணிக்கட்டோடு நிற்கிறதா, விரல் அடி வரை வருகிறதா என்பதைக் கேள்வியில் சேர்த்துவிடுங்கள். மணிக்கட்டோடு நின்றால், புறங்கைக்குத் தனி உறை சேர்த்துப் போடலாமா, முழுதாக மாற்ற வேண்டுமா என்று முதலில் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். கடைக்காரரிடம் அதற்குப் பிறகு போகலாம். போகும்போது காலை, இரவு இரண்டு அளவையும் எழுதி எடுத்துப் போங்கள். டேப்பைத் தோலின் மேல் வையுங்கள், நைட்டி மேல் வேண்டாம்.