கிறிஸ்தவராக இருந்துகொண்டு உலக ஆசைகளை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சமாளிக்கிறேன் என்று சொன்னால் பொய். வழுக்கின கதை வேண்டுமானால் இருக்கிறது.

நாங்கள் கோத்தகிரியில் இருக்கிறோம். கொஞ்சம் தேயிலைத் தோட்டம் உண்டு. ஒரு வருஷம் பச்சைத் தேயிலை விலை படுத்துவிட்டது, பறிகூலிக்கே கட்டவில்லை. மாடியில் இருந்த இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட ஆரம்பித்தோம். அதில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

உலக ஆசை என்றாலே பிரசங்கத்தில் குடி, சினிமா, நகை என்று வரும். எனக்கு அது காலை டிபனாக வந்தது. சனிக்கிழமை ராத்திரி தங்குகிறவர்கள் ஞாயிறு சாப்பிட்டுக் கிளம்பப் பத்து மணி ஆகிவிடும். ஆராதனையோ எட்டரைக்கு. முதல் வாரம் நான் மட்டும் சர்ச்சுக்குப் போகாமல் நின்றேன். மே மாதம் நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, ஊட்டியில் மலர்க் கண்காட்சி என்று கூட்டம் ஏறியது, மனைவியும் அடுப்படியில் நின்றுவிட்டாள். பிள்ளைகள் மட்டும் காணிக்கைக் காசை வாங்கிக்கொண்டு போனார்கள். சீசன் முடிந்தால் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது சீசனும் வந்தது.

2024 மே 7 முதல், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, நீலகிரிக்கு வர இ-பாஸ் எடுக்க வேண்டியதாயிற்று. என்னவோ ஏதோ என்று பயந்து இரண்டு குடும்பம் புக்கிங்கை ரத்து செய்துவிட்டது. சரி, அறை காலி, சர்ச்சுக்குப் போவோம் என்று போனேன். பாவ அறிக்கை ஜெபம். வாய் அதன் பாட்டுக்குச் சொல்கிறது; கை பாக்கெட்டுக்குள் போனைத் தொட்டுப் பார்க்கிறது, வேறு யாராவது கூப்பிட்டார்களா என்று. உள்ளே நீதிமன்றத்தின் மேல் கோபம் வேறு.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பைபிளில் ஆபிரகாமின் அண்ணன் தம்பி மகன் லோத்துவின் கதையை எடுத்துப் படித்தேன். ஆதியாகமம் 13ஆம் அதிகாரத்தில் அவன், பாவத்துக்குப் பேர்போன சோதோம் ஊருக்குள் போகவே இல்லை. நீர்வளமான சமவெளியைப் பார்க்கிறான், சோதோமுக்கு நேரே கூடாரம் போடுகிறான், அவ்வளவுதான். 14இல் ஊருக்குள் குடியிருக்கிறான். 19இல் ஊர் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான். இத்தனைக்கும் இயேசுவின் சீடர் பேதுரு அவனை நீதிமான் என்றே எழுதுகிறார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஆடுமாடுகளுக்குப் புல் தேடிப் போனவன்தானே!

இப்போது சனிக்கிழமை ராத்திரிக்கு அறை கொடுப்பதில்லை. மழைக்காலத்தில் இது பெரிய தியாகமே இல்லை, எப்படியும் யாரும் வரமாட்டார்கள். மே மாதம்தான் வலிக்கும். போன மே மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், "சார், டபுள் ரேட் தர்றேன், ஒரே ஒரு சனிக்கிழமை" என்று கேட்டார். முடியாது என்று வைத்துவிட்டேன். வைத்த கையோடு கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"போனில் யாருங்க?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

"ராங் நம்பர்" என்றேன்.